க்ளே மேல யாராவது கேஸ் போட்டாங்களா?

போன செமஸ்டரில் சட்ட வரலாறு வகுப்புக்காக ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. தலைப்பு, "ஒரு வழக்கறிஞரின் வாழ்க்கை". வகுப்பில் பாதிப் பேர் காந்தியையும் அம்பேத்கரையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மீதியில் பாதிப் பேர் லிங்கன். கூட்டத்தோடு போவது எனக்கு எப்போதுமே கொஞ்சம் அலர்ஜி. லிங்கனுக்கே ஒரு ஹீரோ இருந்திருப்பார் இல்லையா, அந்த ஆளைப் பிடித்தால் என்ன என்று தேடினேன். மாட்டியவர் ஹென்றி க்ளே.

பேச்சு நன்றாகத்தான் போனது. கைதட்டல் கூட கிடைத்தது. முடிந்ததும் கேள்வி நேரத்தில் கடைசி பெஞ்ச் நண்பன் ஒருவன், தூக்கக் கலக்கத்தில், சும்மா கலாய்ப்பதற்காகக் கேட்டான். "இவ்ளோ பெரிய வக்கீலா இருந்தாரே, அவர் மேல யாராவது கேஸ் போட்டாங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "தெரியலடா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

எனக்குத் தெரியும். நான்கு நாள் முன்பே படித்திருந்தேன். பத்து நிமிடத்தில் அடங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். உண்மையான காரணம் அதுவல்ல. அதைச் சொன்னால் நான் கஷ்டப்பட்டுக் கட்டிய கதை உடைந்துவிடும். அன்று விட்டதை இப்போது எழுதுகிறேன். பத்து நிமிடத்துக்கு மேலாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் மேடையில் சொன்ன கதை.

க்ளே பிறந்தது 1777 ஏப்ரல் 12, வர்ஜீனியாவில் ஹனோவர் கவுண்டி. அப்பா பாப்டிஸ்ட் போதகர். பையனுக்கு நாலு வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டு, 1791-ல் குடும்பத்தோடு மலைகளைத் தாண்டிக் கென்டக்கிக்குப் போய்விட்டார். பையன் மட்டும் ரிச்மண்ட் நகரத்தில் தங்கினான். கொஞ்ச நாள் கடையில் எடுபிடி, அப்புறம் நீதிமன்ற அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தா. கல்லூரிப் பக்கமே போனதில்லை. கையெழுத்து மட்டும் அழகு.

அந்தக் கையெழுத்துதான் அவரைக் காப்பாற்றியது. ஜார்ஜ் வித் என்று ஒரு பெரிய நீதிபதி. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். தாமஸ் ஜெஃபர்சனுக்கும், பின்னாளில் தலைமை நீதிபதியான ஜான் மார்ஷலுக்கும் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். வயதாகிக் கை நடுங்கத் தொடங்கிவிட்டதால், அவர் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் தேவைப்பட்டது. க்ளே போய் உட்கார்ந்தார். சுமார் நாலு வருடம். தீர்ப்புகளை எழுதி எழுதியே சட்டம் படித்த மனிதர். வித் தன் அடிமைகளில் பலரை விடுதலை செய்தவர், அடிமை முறையை வெறுத்தவர். அந்தப் பேச்சும் பையன் காதில் விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகு ராபர்ட் புரூக் என்ற அரசு தலைமை வழக்கறிஞரிடம் கொஞ்ச நாள் படித்துவிட்டு, 1797-ல் உரிமம் வாங்கினார். இருபது வயது. நேராகக் கென்டக்கி, லெக்சிங்டன்.

ஏன் கென்டக்கி? அம்மா அங்கே இருந்தார் என்பது ஒன்று. ரிச்மண்டில் வக்கீல்கள் ஏற்கனவே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள் என்பது இன்னொன்று. ஆனால் பெரிய காரணம் நிலம். இதை மேடையில் ஒரு வரியில் தாண்டிவிட்டேன். சட்டம் படிப்பவனுக்கு அதுதான் நிஜமான விருந்து, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் ஒரு பகுதி. 1779-ல் வர்ஜீனியா ஒரு நிலச் சட்டம் போட்டது. அதன்படி அரசு முதலில் நிலத்தை அளந்து, எண் போட்டு, அப்புறம் விற்கவில்லை. காசு கொடுத்தால் ஒரு சீட்டுக் கிடைக்கும், "இத்தனை ஏக்கர்" என்று. எந்த ஏக்கர் என்று அதில் இருக்காது. சீட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், பிடித்த இடத்தைக் காட்டி, "இந்த ஓடை கிளை பிரியும் இடத்திலிருந்து, பட்டை உரித்த அந்த ஓக் மரம் வரைக்கும்" என்கிற மாதிரி எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு சர்வே. பிறகு பட்டயம். ஓக் மரம் என்ன ஒன்றா? அடுத்த வருடம் அதே ஓடைக்கு இன்னொருவன் இன்னொரு பெயர் வைத்துப் பதிந்திருப்பான். ஒரே நிலத்தின் மேல் மூன்று நான்கு பேருக்கு உரிமை, கூரை ஓடு மாதிரி ஒன்றன் மேல் ஒன்று. ஊரையே திறந்துவிட்டவர் என்று புகழப்பட்ட டேனியல் பூன் கூட, பதிவில் இருந்த குறைகளால் நிலத்தையெல்லாம் இழந்தார். லிங்கனின் அப்பா 1816-ல் கென்டக்கியை விட்டு இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்ததற்கும் இந்த நிலத் தகராறுதான் முக்கியக் காரணம் என்று லிங்கனே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

குடியேறிகளுக்கு இது நரகம். வக்கீலுக்கு அட்சய பாத்திரம். கையில் காசில்லாத கட்சிக்காரர் ஃபீஸுக்குப் பதில் ஜெயித்த நிலத்தில் ஒரு பங்கு கொடுப்பார். இப்படித்தான் எல்லைப்புறத்து வக்கீல்கள் நிலச்சுவான்தார் ஆனார்கள். வருடத்துக்கு நூறு பவுண்டு கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு லெக்சிங்டனுக்கு வந்ததாகவும், முதல் பதினைந்து ஷில்லிங் ஃபீஸ் கையில் வந்தபோது அப்படியொரு சந்தோஷம் என்றும் க்ளே வயதான பிறகு ஒரு கூட்டத்தில் சொன்னார். நூறு பவுண்டெல்லாம் சீக்கிரமே தாண்டிவிட்டது. 1799-ல் லுக்ரீஷியா ஹார்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் ஊரின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். வழக்குகள் கொட்டின. ஊருக்கு வெளியே ஆஷ்லண்ட் என்று ஒரு பண்ணை உருவானது. சணல் பயிரிட்டார். பின்னாளில் அது சுமார் 600 ஏக்கர். அங்கே வேலை செய்தவர்கள் அடிமைகள். ஒரு கட்டத்தில் அறுபது பேர் வரை.

மேடையில் இந்த அறுபது பேரை "அந்தக் காலத்து வழக்கப்படி" என்ற இரண்டு வார்த்தையில் தாண்டினேன்.

கோர்ட்டில் க்ளே ஒரு நடிகர். கிரிமினல் வழக்குகளில் அவர் தற்காத்த யாரும் தூக்குக்குப் போனதில்லை என்று பேர். ஒரு கொலை வழக்கு பற்றி அவருடைய பழைய வரலாற்றாசிரியர்கள் சொல்லும் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் விசாரணையில் ஜூரி ஒத்துப்போகவில்லை. மறு விசாரணை. ஒரே குற்றத்துக்கு ஒருவன் உயிரை இரண்டாம் தடவை பணயம் வைக்கக் கூடாது என்று க்ளே வாதாட ஆரம்பித்தார். நீதிபதி, அந்த வாதத்துக்கு இங்கே இடமில்லை என்றார். க்ளே காகிதங்களை மடித்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். பதறிப்போன நீதிபதி கூப்பிட்டு அனுப்பி, சரி, எதை வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார். ஆள் விடுதலை. (இதை நம்ம ஊர் கோர்ட்டில் முயற்சி செய்ய வேண்டாம் என்று மேடையில் சொன்னேன். நல்ல சிரிப்பு.)

1803-ல் கென்டக்கி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1806 கடைசியில், முன்னாள் துணை ஜனாதிபதி ஆரன் பர் மேற்கே தனிப்படை திரட்டிச் சதி செய்வதாகக் கென்டக்கியில் வழக்கு வந்தபோது, க்ளேதான் அவருக்கு வக்கீல். சதி எதுவும் இல்லை என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டுதான் ஆஜரானார். ஜூரி பர்ரை விட்டுவிட்டது. அதே மாதம் செனட்டராக வாஷிங்டன் போனார் க்ளே. அங்கே ஜெஃபர்சன் சில கடிதங்களைக் காட்டிய பிறகுதான் தான் ஏமாற்றப்பட்டது புரிந்தது. ஒன்பது வருடம் கழித்து நியூயார்க்கில் பர் கை நீட்டியபோது, குலுக்க மறுத்துவிட்டார். இதில் இன்னொரு வேடிக்கை. செனட்டர் ஆக முப்பது வயது வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். க்ளேக்கு அப்போது 29. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திரும்பிவந்து மறுபடி மாநில சட்டமன்றம். இங்கிலாந்து மேல் கோபமாக இருந்த உறுப்பினர்கள், இனிமேல் எந்த பிரிட்டிஷ் தீர்ப்பையும் நம் நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். தேசபக்தி பொங்கும் சபையில் அதை எதிர்ப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். க்ளே எதிர்த்தார். நூற்றாண்டுகளின் சட்ட அறிவை ஒரு கையெழுத்தில் எரிப்பதா என்பது அவர் வாதம். கடைசியில் 1776 ஜூலை 4-க்குப் பிறகு வந்த தீர்ப்புகளுக்கு மட்டும் தடை என்று சமரசமாக முடிந்தது. சமரச மன்னன் என்று பின்னாளில் வந்த பட்டப்பெயருக்கு ஒத்திகை மாதிரி.

எப்போதும் சமரசம்தான் என்றும் சொல்ல முடியாது. 1809 ஜனவரியில், உறுப்பினர்கள் எல்லோரும் உள்நாட்டுத் துணிதான் உடுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஹம்ஃப்ரி மார்ஷல் என்ற உறுப்பினர் கடுமையாக எதிர்த்தார். வாய்ச்சண்டை கைகலப்பாகி, கடைசியில் துப்பாக்கிச் சண்டைக்கு அழைப்பு. ஒஹையோ ஆற்றைத் தாண்டிப் போய் அக்கரையில் சுட்டுக்கொண்டார்கள். மார்ஷலுக்குக் கீறல், க்ளேக்குத் தொடையில் குண்டு. சட்டம் இயற்றுகிற இரண்டு பேர், ஆற்றைக் கடந்து போய் ஒருவரை ஒருவர் சுடுகிறார்கள். எல்லைப்புறம் என்றால் என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1811-ல் தேசிய பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்த முதல் நாளே சபாநாயகர். 1820-ல் மிசௌரி சமரசம். 1825 முதல் 1829 வரை வெளியுறவு அமைச்சர். ஜனாதிபதி பதவிக்கு மூன்று தடவை நின்று மூன்று தடவையும் தோல்வி. 1852-ல் இறந்தபோது நாடாளுமன்றக் கட்டிடத்தின் மைய மண்டபத்தில் உடல் வைக்கப்பட்ட முதல் மனிதர். ஸ்பிரிங்ஃபீல்டில் இரங்கல் உரை ஆற்றியவர் லிங்கன் என்ற உள்ளூர் வக்கீல். இந்த இடத்தில் என் பேச்சு முடிந்தது. கைதட்டல்.

இப்போது விட்டுப்போனது.

1798-ல், லெக்சிங்டன் வந்து ஒரு வருடம் கூட முழுதாக ஆகாத இருபத்தோரு வயதுப் பையன், "ஸ்கேவோலா" என்ற புனைபெயரில் கென்டக்கி கெஜட் பத்திரிகைக்கு எழுதுகிறான். மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதப்போகிறார்கள், அதில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க வழி செய்யுங்கள் என்று. ஊரில் பணம், நிலம், வழக்கு எல்லாமே அடிமை வைத்திருந்தவர்கள் கையில். புதிதாகப் பலகை மாட்டிய வக்கீல், வரப்போகும் கட்சிக்காரர்களையே பகைத்துக்கொள்கிறான். அதற்கு நான் இன்றும் தலை வணங்குகிறேன். மாநாடு 1799-ல் கூடியது. அடிமை முறை அப்படியே இருந்தது. விடுதலை கேட்டு வழக்குப் போட்ட அடிமைகளுக்காக அந்த வருடங்களில் க்ளே வாதாடியதாகவும் சொல்கிறார்கள்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கொஞ்ச நாள் அவர் அரசு வக்கீலாக இருந்தார். ஒரு அடிமை, தன்னை அடித்த கங்காணியைக் கொன்றுவிட்டான். சுதந்திர மனிதன் செய்திருந்தால் அது கொலையாகாது, குறைந்த குற்றம்தான். ஆனால் அடிமைக்கு அடியை வாங்கிக்கொள்ளும் கடமை இருக்கிறது, எதிர்க்கும் உரிமை இல்லை, ஆகவே இது கொலை. இதுதான் க்ளேயின் வாதம். சட்டப்படி சரியான வாதம். ஜெயித்தார். அந்த மனிதனைத் தூக்கில் போட்டார்கள். க்ளே அரசு வக்கீல் பதவியை விட்டுவிட்டார், வாழ்நாள் முழுக்க அதை நினைத்து வருந்தினார் என்று அவருடைய பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் மரியாதை கூடத்தான் செய்தது. தப்பு செய்தார், வருந்தினார், விலகினார். முழுசாக ஒரு கதை. இங்கேயே புத்தகத்தை மூடியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த பக்கங்களில் வந்தவர் சார்லட் டுபுயி. வீட்டில் கூப்பிடும் பெயர் லாட்டி. 1787 வாக்கில் மேரிலாந்தில், கேம்பிரிட்ஜ் என்ற ஊர்ப் பக்கம் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே ஜேம்ஸ் காண்டன் என்ற தையல்காரருக்கு விற்கப்பட்டார். காண்டன் அவரைக் கென்டக்கிக்குக் கூட்டிவந்தார். அங்கே ஆஷ்லண்டில் அடிமையாக இருந்த ஆரன் டுபுயியுடன் கல்யாணம். 1806 மே மாதம் க்ளே சார்லட்டைக் காண்டனிடமிருந்து 450 டாலருக்கு வாங்கினார். புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் இருக்கட்டும் என்று செய்ததாகவே எடுத்துக்கொள்வோம்.

1806 ஜூன் மாதம் ரிச்மண்டில் இன்னொரு சம்பவம். குருநாதர் வித் இறந்தார். காபியில் விஷம் வைத்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர் அவருடைய தங்கை வழிப் பேரன். சமையலறையில் இருந்தவர் லிடியா பிராட்னாக்ஸ், வித் முன்பே விடுதலை செய்திருந்த கறுப்பினப் பெண். அவரும் விஷத்தில் பாதிக்கப்பட்டுப் பிழைத்தவர். ஆனால் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லக் கூடாது என்பது வர்ஜீனியாவின் சட்டம். சாட்சி எடுபடவில்லை. பேரன் விடுதலை. அந்த மாநிலத்துக்கே சட்டம் சொல்லிக்கொடுத்த மனிதரைக் கொன்ற வழக்கு, அந்த மாநிலத்தின் சட்டத்தாலேயே தோற்றது. சீடர் இதைக் கேள்விப்படாமல் இருந்திருக்க முடியாது.

சரி, சார்லட்டுக்கு வருவோம். சார்லஸ், மேரி ஆன் என்று இரண்டு பிள்ளைகள். க்ளே வெளியுறவு அமைச்சர் ஆனதும் டுபுயி குடும்பமும் வாஷிங்டன் போனது. 1827-லிருந்து அவர்கள் இருந்தது டெகேட்டர் இல்லம், வெள்ளை மாளிகைக்கு எதிரே சதுக்கத்தின் மூலையில். அந்த வீடு இன்றும் இருக்கிறது. வாஷிங்டனிலிருந்து மேரிலாந்தில் இருந்த தாயையும் உறவினரையும் சார்லட் போய்ப் பார்த்து வந்தார். தாய் அப்போது விடுதலை பெற்றவர்.

1829 மார்ச் மாதம் ஆட்சி மாறுகிறது. ஜாக்சன் வருகிறார், க்ளே பெட்டி படுக்கையைக் கட்டுகிறார். கிளம்ப மூன்று வாரம் கூட இல்லை. பிப்ரவரி 13 அன்று சார்லட் டுபுயி, வாஷிங்டன் சர்க்யூட் நீதிமன்றத்தில் ஹென்றி க்ளே மேல் வழக்குத் தொடர்ந்தார். ராபர்ட் பீல் என்ற வக்கீல் மனுவைப் போட்டார். முன்னாள் எஜமானர் காண்டன் விடுதலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார், என் தாயும் விடுதலை பெற்றவர், எனக்கும் என் பிள்ளைகளுக்கும் விடுதலை வேண்டும். மனுவின் சாரம் இவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். எதிராளி, அந்த நாட்டின் மிகப் பெரிய வழக்கறிஞர்களில் ஒருவர், இன்னும் பதவியில் இருக்கும் அமைச்சர். காலையில் அவருக்குக் காபி கொண்டுபோய் வைக்கிற வீட்டிலிருந்துகொண்டே அந்த மனு.

வழக்கு முடியும்வரை சார்லட் வாஷிங்டனிலேயே இருக்கலாம் என்றது நீதிமன்றம். க்ளே கென்டக்கிக்குத் திரும்பினார். ஆரனையும் இரண்டு பிள்ளைகளையும் கூடவே கூட்டிப்போனார். சார்லட் அதே டெகேட்டர் இல்லத்தில், அடுத்து வந்த வெளியுறவு அமைச்சர் மார்ட்டின் வான் பியூரனிடம் கூலிக்கு வேலை பார்த்தார். ஏறத்தாழ ஒன்றரை வருடம் சம்பளம் வாங்கினார். அவர் வாழ்க்கையில் அதுவரை இல்லாத ஒன்று.

1830-ல் தீர்ப்பு. காண்டன் ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தாலும் அது காண்டனோடு போயிற்று, வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. தள்ளுபடி.

சட்ட மாணவனாக இந்தத் தீர்ப்பைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சொத்து கைமாறும்போது விற்றவனின் வாய்வாக்கு கைமாறாது. ஆனால் அதே க்ளே அதற்கு ஏழெட்டு வருடம் முன்னால் உச்ச நீதிமன்றத்தில் எதற்காக நின்றார் தெரியுமா? கிரீன் எதிர் பிடில் என்ற வழக்கு, கென்டக்கி நிலத் தகராறுதான். நிலத்தில் குடியேறி, மரம் வெட்டி, வேலி போட்டு, வீடு கட்டியவனை, பழைய பட்டயம் வைத்திருப்பவன் வந்து வெளியேற்றினால், அவன் செய்த வேலைக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று கென்டக்கி சட்டம் போட்டிருந்தது. எதிர்த்தரப்புக்கு ஆஜராக ஆளே இல்லாமல் 1821-ல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது, க்ளே "நீதிமன்றத்தின் நண்பர்" என்ற முறையில் எழுந்து மறு விசாரணை கேட்டார். அந்த நீதிமன்றத்தில் அப்படி ஆஜரான முதல் ஆள் அவர் என்பார்கள். பட்டயம் யார் பேரில் இருந்தாலும், பாடுபட்டவனின் பாட்டுக்கு ஒரு விலை உண்டு. 1823-ல் மறுபடியும் தோற்றார். ஆனால் கென்டக்கி நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பைப் பெரிதாக மதிக்கவில்லை, அது வேறு கதை.

பட்டயம் யார் பேரில் இருந்தாலும்! இருபத்துமூன்று வருடம் ஒரு வீட்டில் பாடுபட்ட பெண் வாசலில் நிற்கிறார். அந்த வாதத்தைக் கண்டுபிடித்த மூளையே எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருக்கிறது. வேலிக்கும் வீட்டுக்கும் கொடுக்கச் சொன்ன விலை இங்கே ஞாபகத்துக்கு வரவில்லை.

தோற்ற பிறகும் சார்லட் திரும்பிப் போக மறுத்தார். வாஷிங்டனில் க்ளேயின் முகவராக இருந்த ஃபெண்டால் என்பவர் அவரைச் சிறையில் அடைக்க ஏற்பாடு செய்தார். அதற்கு க்ளே எழுதிய பதில் கடிதம் இருக்கிறது. சிறையில் அடைத்தது சரிதான் என்கிறார். யாரோ தூண்டிவிட்டுப் போட்ட ஆதாரமற்ற வழக்கு என்கிறார். அவள் புருஷனும் பிள்ளைகளும் இங்கே இருக்கும்போது வர மறுப்பது அவர்களிடம் இயற்கைக்கு மாறான நடத்தை, எனக்குக் கீழ்ப்படியாமை என்கிறார். அவளைப் பார்த்து இங்கே இருக்கும் அவளுடைய சொந்தக்காரர்களும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டிய நேரம் என்கிறார்.

இந்தக் கடிதத்தைத்தான் நான் நான்கு நாள் முன்பே படித்திருந்தேன். பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப்போனவரே, பிள்ளைகளிடம் வராத தாய் என்று பழி சொல்கிறார். இதில் கோபம் கூட இல்லை. ஒரு வக்கீலின் தெளிவான, வரிசையான நடை. தூக்குத்தண்டனை வாங்கிக்கொடுத்துவிட்டு வருந்தியதாகச் சொல்லப்பட்ட மனிதரை அதில் தேடித் தேடிப் பார்த்தேன்.

சார்லட்டைக் கென்டக்கிக்கு, புருஷன் பிள்ளைகளிடம் அனுப்பவில்லை. நியூ ஆர்லியன்ஸில் இருந்த தன் மகள் ஆன் வீட்டுக்கு அனுப்பினார், பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள.

அன்று அவரைத் தற்காத்து எனக்குள்ளேயே நிறைய வாதம் செய்தேன். காலம் அப்படி. சட்டம் அப்படி. அவர் மட்டுமா வைத்திருந்தார். ஆனால் காலம் அப்படித்தான் என்றால் 1798-ல் எழுதிய இருபத்தோரு வயதுப் பையன் எந்தக் காலத்தில் இருந்தான்? அவனைத்தானே நான் மேடையில் புகழ்ந்திருக்க வேண்டும்? குரு வித் எந்தக் காலத்தில் இருந்தார்? காலத்தின் மேல் பழி போட அவருடைய சொந்த வாழ்க்கையே இடம் கொடுக்கவில்லை.

இன்னும் இருக்கிறது. 1842-ல் இண்டியானாவில் ஒரு பெரிய கூட்டம். மெண்டன்ஹால் என்ற குவேக்கர் ஒருவர், உங்கள் அடிமைகளை விடுதலை செய்யுங்கள் என்று ஒரு மனுவைக் கொண்டுவந்தார். க்ளே கூட்டத்தின் முன்னாலேயே அவரை நார் நாராகக் கிழித்தார். என்னிடம் சுமார் ஐம்பது பேர், மதிப்பு பதினைந்தாயிரம் டாலர், அதைத் திரட்டிக் கொடுக்க நீங்கள் தயாரா என்றார். வீட்டுக்குப் போய் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார். கூட்டம் ரசித்தது. பேச்சாளராக அது அவருடைய சிறந்த நாட்களில் ஒன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது, அதுதான் பிரச்சினை.

1849-ல், எழுபத்தியொரு வயதில், கென்டக்கி மறுபடியும் புதிய அரசியல் சட்டம் எழுதப் போனபோது, க்ளே மறுபடியும் எழுதினார். ஒரு குறிப்பிட்ட வருடத்துக்குப் பிறகு பிறக்கும் அடிமைப் பிள்ளைகள் இருபத்தைந்து வயதில் விடுதலை, ஆனால் ஆப்பிரிக்காவுக்குப் போய்விட வேண்டும். ஐம்பது வருடம் கழித்து அதே ஆள், கிட்டத்தட்ட அதே யோசனை. மறுபடியும் தோல்வி. தன் உயிலிலும் அதே மாதிரி எழுதினார். 1850 ஜனவரி 1-க்குப் பிறகு தன் அடிமைப் பெண்களுக்குப் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு 28 வயதில் விடுதலை, பெண் பிள்ளைகளுக்கு 25-ல், பிறகு லைபீரியா. விடுதலை எப்போதும் இன்னும் பிறக்காதவர்களுக்குத்தான். காபி கொண்டுவந்து வைக்கிறவர்களுக்கு இல்லை.

முழுக்க அப்படிச் சொல்லிவிடவும் முடியவில்லை. 1840 அக்டோபர் 12 அன்று க்ளே ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சார்லட்டுக்கும் மேரி ஆனுக்கும் விடுதலை. மகன் சார்லஸ், க்ளேயின் சொந்தப் பணியாளாக ஊர் ஊராகக் கூடவே போனவர். அவருக்கு 1844 டிசம்பரில். ஜனாதிபதித் தேர்தலில் கடைசியாகத் தோற்ற அடுத்த மாதம். பத்து வருடம் முன்னால் கோர்ட்டில் தரமாட்டேன் என்றதைப் பிறகு ஏன் தானாகக் கொடுத்தார்? நான் படித்த எதிலும் திருப்தியான பதில் இல்லை. தன்னிடம் கேட்டு வாங்குவது வேறு, தான் கொடுப்பது வேறு என்று நினைத்தாரோ என்னவோ. அது என் ஊகம் மட்டும்தான்.

ஆரம்பத்தில் நண்பனைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. நேற்று ராத்திரி அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். "அன்னிக்குக் கேட்டியே, க்ளே மேல யாராவது கேஸ் போட்டாங்களான்னு. போட்டாங்க. 1829 பிப்ரவரி 13." அவனுக்குத் தான் கேட்டதே ஞாபகம் இல்லை. "யாருடா?" என்றான். பேரை டைப் செய்து அனுப்பினேன். "ஜெயிச்சாங்களா?" என்று உடனே அடுத்தது.

தோற்றார் என்று எழுதினேன். 1840 பற்றிக் கேன்டீனில் நேரில் சொல்கிறேன் என்றேன்.